உடம்பு, மனம், வீடு: மூன்றையும் ஒரே தாளில் எழுதுவது எப்படி

கோடு போடாத நீள நோட்டு ஒன்று, பென்சில், அழிப்பான், அடிக்கோல். வீடு பார்க்கப் போகும்போது என் பையில் இந்த நான்கும் இருக்கும். தாளைக் குறுக்கே திருப்பி வைத்து மேலிருந்து கீழாகக் கோடு இழுத்து மூன்று பத்தியாகப் பிரிப்பேன். முதல் பத்தியின் தலையில் 'உடம்பு', அடுத்ததில் 'மனம்', கடைசியில் 'வீடு, ஊர்'. பத்திகளுக்கு நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டுவிடுவேன். அந்த வெற்றிடத்தில்தான் முக்கால்வாசி வேலை நடக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் மனநல சமூகப் பணியாளர். குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி சுற்றுவட்டாரக் கிராமங்களில் 22 ஆண்டுகளாக வீடு வீடாகப் போய்வருகிறேன். இங்கே பெரியவர்கள் இன்னும் வட ஆற்காடு என்றுதான் சொல்கிறார்கள். 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றானது அவர்கள் பேச்சில் இன்னும் ஏறவில்லை. ஒவ்வொரு ஆண்டும் பயிற்சிக்கு இளம் பணியாளர்களும் செவிலியர்களும் என்னோடு வருவார்கள். உயிர், உளம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மாதிரியை வகுப்பில் நன்றாகவே படித்திருப்பார்கள். ஆனால் முதல் வாரம் அவர்கள் எழுதிக்கொண்டு வரும் தாள் இப்படி இருக்கும்: 'உயிரியல்: குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. உளவியல்: மன அழுத்தம். சமூகம்: வறுமை, குடும்பப் பிரச்சினை.' பாலாற்றின் இரு கரையிலும் யார் பெயரை வேண்டுமானாலும் இந்தத் தாளின் மேல் எழுதிவிடலாம். நாளைக் காலை யார் எங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்காது.

இந்த மாதிரியை உலகம் அறியச் செய்தவர் ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர். 1977இல் 'சயின்ஸ்' இதழில், நோயை உடம்பின் இரசாயனமாக மட்டும் பார்க்கும் மருத்துவம் போதாது என்று எழுதினார். என் மாணவர்களுக்கு நான் சொல்வது 1980இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையைப் பற்றி. அதில் வரும் நோயாளிக்கு மனநோய் எதுவும் இல்லை. 55 வயதுக்காரர், இரண்டாம் முறையாக மாரடைப்பு வந்து மருத்துவமனைக்கு வருகிறார். முதலில் எல்லாம் ஒழுங்காகவே போகிறது. பிறகு தமனியிலிருந்து இரத்தம் எடுக்க இளம் மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் குத்துகிறார்கள், கிடைக்கவில்லை, உதவிக்கு ஆள் தேடி அவரைத் தனியே விட்டுப் போகிறார்கள். வலியும் கோபமும், இவர்களை நம்பலாமா என்ற சந்தேகமுமாக அவர் கிடந்த அந்தச் சில நிமிடங்களில் இதயம் நின்றுபோகிறது. பிறகு மீட்டுவிடுகிறார்கள். அடைபட்ட இரத்தக் குழாய், மனத்தின் கொதிப்பு, அறையில் மற்றவர்கள் நடந்துகொண்ட விதம் மூன்றும் ஒன்றோடொன்று எந்தக் கணத்தில் எப்படிக் கோத்துக்கொண்டன என்பதை எங்கல் நிமிடம் நிமிடமாக எழுதிக் காட்டினார்.

வேலூருக்கு இது வெளியூர்ச் சரக்கு இல்லை. பாகாயத்தில் சி.எம்.சி.யின், அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின், மனநல மையம் 1957இல் தொடங்கப்பட்டது. நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடவே தங்குவது அங்கே சிகிச்சையின் பகுதி. ஏறத்தாழ அதே காலத்தில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பங்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். எங்கல் எழுதுவதற்கு இருபது ஆண்டு முன்னால் நம் ஊரில் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து தங்கிய அம்மாக்களும் அண்ணன்களும் இந்த மாதிரியின் ஒரு பத்தியை வாழ்ந்தே காட்டிவிட்டார்கள்.

ஒரு நாளைச் சொல்லச் சொல்லுங்கள்

முதல் சந்திப்பில் நோயைப் பற்றிக் கேட்காதீர்கள். 'நேற்று காலை எழுந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை என்னென்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். மூன்று பத்தியும் தானாக நிரம்பும். இடையில் நீங்கள் கேட்க வேண்டியது 'அப்புறம்?' மட்டும்தான்.

குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 34, இரண்டு பிள்ளைகள். கணவர் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைக்குப் போகிறார். ஆறு மாதமாக உடம்பெல்லாம் அசதி, நெஞ்சு படபடப்பு, அழுகை, யாரோடும் பேச்சில்லை. மருத்துவமனையில் மனச்சோர்வு என்று சொல்லி இரவு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதே நாளில் நிறுத்திவிட்டார். சீட்டில் 'மருந்துக்கு ஒத்துழைக்காதவர்' என்று ஒரு வரி ஏறிவிட்டது.

அவருடைய நாள் இது. ஒன்று விட்டு ஒரு நாள் தெருக்குழாயில் விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் வரும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு முறத்தோடு உட்கார்ந்தால் பகல் முழுக்கப் பீடி. மாலை சமையல் முடித்து எட்டரைக்கு மறுபடி உட்கார்ந்து பதினொன்று வரை சுற்றுவார். மாத்திரையை மருத்துவர் சொன்னபடி ஒன்பது மணிக்குப் போடுகிறார். பத்து மணிக்கே கண் செருகுகிறது, விரல் ஓடவில்லை. கொடுத்த இலைக்கும் தூளுக்கும் இத்தனை பீடி என்று கணக்கு உண்டு. குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். காலையில் தண்ணீருக்கும் எழுந்திருக்க முடியவில்லை. மாமியார் குடத்தோடு போய் நின்றுவிட்டு வந்து, 'என் மருமகளுக்கு வந்தது நோய் இல்லை, சோம்பல்' என்று தெருவிலேயே சொல்லிவிட்டார். மறுநாள் மாத்திரை நின்றது.

இதில் எங்கே ஒத்துழையாமை இருக்கிறது? மாத்திரையில் கிளம்பி விரலுக்குப் போய், கூலிக்குப் போய், மாமியார் வாய்க்குப் போய், அவமானமாகி, மறுபடி மாத்திரைக்கே வந்து சேர்ந்த கோடு இது. மூன்று பத்தியையும் தொட்டுக்கொண்டு போகிறது. அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு நாளைக் கேட்டிருந்தால் சீட்டில் அந்த வரி ஏறியிருக்காது.

உடம்புப் பத்தியை முதலில் நிரப்புங்கள்

சமூகப் பணி படித்துவிட்டு வருபவர்கள் உடம்பை மருத்துவருக்கு விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பணியில் சேர்ந்து நான்காம் ஆண்டு, அக்கினி நட்சத்திரக் காலம். செங்கல் சூளையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர், இருமுனை நோய்க்கு (மனம் அளவுமீறி எழுவதும் சோர்ந்து விழுவதும் மாறி மாறி வரும் நோய்) லித்தியம் என்ற மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கை நடுக்கத்தோடு வந்தார். வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம். சூளை முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அவரை நெருக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். 'கடன் பயம், பதற்றம்' என்று எழுதி ஆறுதல் பேசிக்கொண்டிருந்தேன். என்னோடு இருந்த மூத்த செவிலியர் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்: 'தம்பி, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்? முதுகுவலிக்கு மருந்துக் கடையில் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டீர்களா?' வெயிலில் வியர்த்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் அதை ஏற்றும். அன்றே இரத்தம் பார்த்தார்கள், அளவு ஆபத்தான இடத்தில் இருந்தது, உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். பிழைத்தார். என் ஆறுதல் பேச்சோடு வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் மே மாதம் வந்தால் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே உடம்புப் பத்தி முதலில். தூக்கம், பசி, எடை, மாதவிடாய், கடைசிப் பிரசவம் எப்போது, வலிப்பு, தலையில் அடி, காய்ச்சல். சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய்க்கு மருந்து ஓடுகிறதா. குடி, பீடி, புகையிலை. 'வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் இல்லை என்பார்கள். 'வீட்டில் இருக்கும் மாத்திரைப் பையைக் கொண்டுவாருங்கள்' என்று சொல்லிப் பாயில் கொட்டிப் பாருங்கள். நாட்டு மருந்துப் பொடி, அக்காள் வீட்டிலிருந்து வந்த தூக்க மாத்திரை, போன வருடத்து அட்டை எல்லாம் அதில் இருக்கும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் வந்த பிறகு சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்த அட்டையையும் பாருங்கள்.

சில அறிகுறிகளுக்குத் தாளை மூடிவிட்டு வண்டி பிடிக்க வேண்டும். திடீரென்று நாள், இடம் தெரியாமல் குழம்பிப் பேசுபவர், காய்ச்சலோடு பிதற்றுபவர், குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் நடுங்கி, இல்லாததைப் பார்ப்பவர், பிரசவமாகிச் சில நாட்களில் தூக்கமே இல்லாமல் பேச்சு மாறிப்போன தாய். இவர்களுக்கு அன்றே மருத்துவமனை. பச்சை உடம்புக்காரியின் பேச்சு மாறினால் 'காற்று பட்டுவிட்டது' என்று வீட்டில் காத்திருப்பார்கள். அங்கே தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்தே ஆபத்து இருக்கிறது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பீடி சுற்றும் பெண்ணுக்கு அசதியோடு எடையும் ஏறியிருந்தது, முடி கொட்டியது, மாதவிடாய் தாறுமாறாக இருந்தது. தைராய்டும் இரத்தசோகையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்டோம். தைராய்டு குறைவாகச் சுரந்தது. மனச்சோர்வு பொய்யாகிவிடவில்லை, அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும், அரை மணி நேரமாவது தேநீர் குடிக்கக் கூடாது. எழுந்ததும் தேநீர் போடுவதுதான் அந்த வீட்டின் முதல் வேலை. தண்ணீர்க் குடத்துக்கு மேலே இருக்கும் மாடத்தில் மாத்திரையை வைத்தோம். குடத்தை எடுக்கும்போது கை அதில் படும். தண்ணீர் பிடித்துத் திரும்புவதற்குள் அரை மணி ஆகிவிடும்.

மனப் பத்தியில் அவர்கள் சொன்ன வார்த்தை இருக்கட்டும்

'மன அழுத்தம்' என்று எழுதாதீர்கள். அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். இந்தப் பெண் சொன்னது: 'என் கையே எனக்குக் கேட்கவில்லை அம்மா.' இதை எழுதினால் பின்னால் திரும்பிப் படிக்கும்போது ஆள் கண்முன் நிற்பார். இங்கே பலரும் 'நரம்புத் தளர்ச்சி' என்பார்கள். அதைத் திருத்தாதீர்கள். அந்தச் சொல்லின் வழியாகத்தான் அவர்கள் கூச்சமில்லாமல் உள்ளே வருகிறார்கள். 'நரம்புத் தளர்ச்சி வந்ததிலிருந்து மனத்துக்குள் என்ன ஓடுகிறது?' என்று அதைப் பிடித்துக்கொண்டே நடக்கலாம்.

மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மேன் காட்டிய வழியில் நான் ஐந்து கேள்வி வைத்திருக்கிறேன். இதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் அப்போது வந்தது, அதற்கு முன் ஏன் வரவில்லை? இதில் உங்களுக்கு எதை நினைத்தால் அதிகப் பயம்? என்ன செய்தால் சரியாகும் என்று தோன்றுகிறது? கடைசிக் கேள்விக்குப் பாதிப் பேர் கோயிலைச் சொல்வார்கள். சோளிங்கர் மலைக்குப் போய்க் குளத்தில் குளித்து யோக ஆஞ்சநேயரை வணங்கி வருவது இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கம். இன்னொரு வீட்டில் தர்காவில் மந்திரித்த கயிறு, இன்னொரு வீட்டில் ஜெபக்கூட்டம். செய்வினை என்று நம்பிக்கொண்டே மாத்திரையும் சாப்பிடுபவர்கள் நிறைய. ஒரே ஆள் மனத்தில் இரண்டு விளக்கமும் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும். நாம்தான் போய்ச் சண்டை மூட்டுகிறோம். ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டில் தாயத்தைப் பற்றி நான் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர்கள் தாயத்தை வைத்துக்கொண்டார்கள், என்னை விட்டுவிட்டார்கள். இப்போது நான் சொல்வது: 'சோளிங்கர் போய் வாருங்கள், மாத்திரைப் பையையும் எடுத்துப் போங்கள், மலையேறும்போது தண்ணீர் குடியுங்கள்.'

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் வெளியே வர முடியாமல் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. கட்டிவைக்கும் குடும்பத்தைத் திட்டுவதால் பயனில்லை. பெரும்பாலும் பயத்தாலும் களைப்பாலும் கட்டியிருப்பார்கள். அவிழ்த்த பிறகு இரவில் யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு விடையோடு போங்கள்.

மனப் பத்தியில் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று, சாக வேண்டும் என்ற எண்ணம். நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. பலருக்கு அப்பாடா என்றிருக்கும். வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி வட்டாரத்தில் நடந்த ஆய்வு 2004இல் 'லான்செட்' இதழில் வந்தது. 10 முதல் 19 வயதுக்குள் தற்கொலையால் இறந்தவர்கள் ஆண்டுக்கு இலட்சத்துக்குப் பெண்களில் 148, ஆண்களில் 58 என்று அதில் இருந்தது. நான் வேலைக்கு வந்த புதிதில் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கிராமங்களின் வழியாகத்தான் நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எண்ணம் இருக்கிறது என்று சொன்னால், அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தும் மாத்திரைக் குவியலும் வீட்டைவிட்டு வெளியே போகட்டும். அன்றே மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள். 14416 என்ற எண்ணில், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸில், இரவிலும் தமிழில் பேசலாம். முயற்சி செய்து பிழைத்தவரைப் போலீஸ் பிடிக்கும் என்று மறைப்பார்கள். 2017 சட்டம் அவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதி, தண்டிக்கக் கூடாது என்கிறது. இதை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் பத்தியில் 'வறுமை' என்று எழுதக் கூடாது

இதை என்னோடு வருபவர்களிடம் விதியாகவே வைத்திருக்கிறேன். 'வறுமை' என்று எழுதினால் அதற்குமேல் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. 'செவ்வாய்க்கிழமை குழுக்கடன் தவணை 1,150 ரூபாய்' என்று எழுதினால், திங்கள் இரவு அவர் ஏன் தூங்குவதில்லை என்று தெரிந்துவிடும்.

தொகை, கிழமை, ஆள் மூன்றும் எழுதுங்கள். மருத்துவமனைக்குப் பஸ் கட்டணம் யார் கையிலிருந்து வரும்? ஒரு நாள் போனால் எத்தனை பீடிக் கூலி போகும், நூறு நாள் வேலையில் எத்தனை நாள் போகும்? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ஒடுகத்தூருக்கு மேலே மலைக் கிராமத்திலிருந்து வருபவரைப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் காக்கவைத்தால் அடுத்த மாதம் வரமாட்டார். வீட்டில் யார் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்? ஊரில் எந்தத் தெரு, எந்தத் தெருவுக்குள் இவர்களால் போக முடியாது? கல்யாணமாகாத நாத்தனார் இருந்தால், நோய் வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயம் இருக்கும். அதனால் உங்கள் ஜீப் வாசலில் நிற்பதே தொந்தரவாகலாம். நான் தெருமுனையில் இறங்கி நடக்கிறேன்.

திருவிழாவும் இந்தப் பத்தியில் வரும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். உறவெல்லாம் வந்து நிறையும், இரவெல்லாம் விழிப்பு. இருமுனை நோய் உள்ளவருக்கு இரண்டு இரவுத் தூக்கம் கெட்டாலே எழுச்சி கிளம்பலாம். திருவிழாவுக்குப் போகாதே என்பதில்லை. பகலில் போய்விட்டு இரவு பத்து மணிக்குப் படுக்க ஒரு வீடு ஏற்பாடு செய்யுங்கள். சித்திரை கடைசியிலேயே இதைப் பேசி முடிப்பது என் வழக்கம்.

துணையாக இருப்பதையும் எழுதுங்கள். பீடி சுற்றும் பெண்ணின் தாளில் மூன்று இருந்தன: மகளிர் குழுத் தலைவி பள்ளித் தோழி, கணவர் குடிப்பதில்லை, சாயங்காலம் எதிர்வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் சேர்ந்து பீடி சுற்றுவார்கள், இவர் ஆறு மாதமாகப் போகவில்லை.

அடி விழும் வீடாக இருந்தால் இந்த முறையே மாறும். பெண்ணைத் தனியாகப் பாருங்கள். தாளில் எழுதியது வீட்டார் கைக்குப் போகக் கூடாது. 'குடும்ப ஆதரவைக் கூட்டுதல்' என்ற பேச்சுக்கே இடமில்லை. 181 பெண்கள் உதவி எண்ணும் பாதுகாப்பான இடமும்தான் முதலில்.

இப்போது வெற்றிடம்

மூன்று பத்தியும் நிரம்பிய பிறகு பென்சிலால் ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டையும் 'அதனால்' வரும் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். 'ஒன்பது மணிக்கு மாத்திரை போடுகிறார், அதனால் பத்து மணிக்குக் கை ஓடவில்லை.' 'தவணை செவ்வாய், அதனால் திங்கள் தூக்கமில்லை, அதனால் செவ்வாய் பகலில் படபடப்பு.' வீட்டார் முன்னால் சொல்லும்போது அவர்கள் தலையாட்டினால் கோடு நிற்கட்டும். விழித்தால் அழித்துவிடுங்கள். அதற்குத்தான் பென்சில்.

பிறகு கோடுகள் அதிகம் சந்திக்கும் இடத்தில் ஒரு வட்டம். எதை முதலில் செய்வது என்று இந்த மாதிரி சொல்வதில்லை, எல்லாமும் முக்கியம் என்று சொல்லி நழுவ விடுகிறது என்று இதை விமர்சிப்பவர்கள் உண்டு. அந்தக் குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வட்டம். இந்த வாரமே செய்ய முடிய வேண்டும், செய்ய ஒரு ஆள் இருக்க வேண்டும், ஒன்றைத் தளர்த்தினால் இரண்டு மூன்று கோடு சேர்ந்து தளர வேண்டும். இந்தப் பெண்ணுக்கு வட்டம் விழுந்தது மாத்திரை நேரத்தில்.

நேரத்தை நாமே மாற்றக் கூடாது. மருத்துவருக்கு இருப்பதோ சில நிமிடம். வரிசை வாசல் வரை நிற்கும்போது அவரிடம் கதை சொல்ல முடியாது. நான் நான்கு வரி எழுதிச் சீட்டோடு பின் செய்துவிடுகிறேன். அன்று எழுதியது: 'மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் தூக்கம். இரவு 11 வரை பீடி வேலை, விட முடியாது. விடியற்காலை 4.30க்கு எழ வேண்டும். தூக்கம் குறைவாக வரும் மருந்தோ, வேறு நேரமோ முடியுமா?' அவர் படித்துவிட்டு, தூக்கம் அவ்வளவு வராத மருந்தைக் காலையில் போடும்படி மாற்றித் தந்தார். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரமாவது ஆகும், அதுவரை வயிறு கொஞ்சம் குமட்டலாம் என்பதை வீட்டில் மாமியார், கணவர் இருவர் முன்னாலும் சொன்னோம். சொல்லாவிட்டால் மறுபடி ஒன்பதாம் நாள் நின்றிருக்கும்.

மாமியாருக்கு என்ன செய்வது என்று என்னோடு வந்த பெண் கேட்டார். நோயாளியை எந்நேரமும் குறைசொல்லும் வீட்டுக்குத் திரும்புபவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகம் என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் பல ஆண்டு முன்பே கண்டறிந்தார். ஆனால் 'திட்டாதீர்கள்' என்று ஒரு மாமியாரிடம் சொல்லி எந்தத் தெருவிலும் நடந்ததில்லை. மூன்று பத்தித் தாளை அவர் முன்னால் வைத்து, மாத்திரையிலிருந்து கூலிக்குப் போன கோட்டை விரலால் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர், கோடு புரிந்தது. 'அப்படியானால் அவள் நடிக்கவில்லையா?' என்று கேட்டார். அவருக்கும் ஒரு பொறுப்பு கொடுத்தோம்: மாத்திரைகளை வைத்திருந்து காலையில் எடுத்துக் கொடுப்பது. திட்டும் நேரம் கொடுக்கும் நேரமாயிற்று. தவணை நாளைக் குழுவால் மாற்ற முடியவில்லை. தலைவி திங்கள் மாலையே வந்து பணத்தை வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டார். எதிர்வீட்டுத் திண்ணையைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் வாரம் அவரே முறத்தைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார்.

நோய் ஆண்டுக்கணக்கில் நீடிப்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால் சான்றிதழும் அடையாள அட்டையும் கேட்டு விண்ணப்பிக்க வைக்கலாம். அந்த வேலையையும் மூன்றாம் பத்தியில் ஆள் பெயரோடு, தேதியோடு எழுதுங்கள்.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை புதுத் தாள் எடுத்துப் பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள். எந்தக் கோடு போயிற்று, எது புதிதாக வந்தது என்று தெரியும். பீடி சுற்றும் பெண்ணின் மூன்றாவது தாளில் ஒரு விநோதம் இருந்தது. அட்டையை எண்ணிப் பார்த்தால் தைராய்டு மாத்திரை சில நாள் இரண்டு போயிருந்தது, மனச்சோர்வு மாத்திரை அதே நாட்களில் மீந்திருந்தது. மாமியாரைக் கோபிக்கத் தோன்றியது. இரண்டு அட்டையையும் கையில் கொடுத்து எது எது என்று கேட்டேன். தடவிப் பார்த்தார், கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், பிறகு வெட்கத்தோடு திருப்பிக் கொடுத்தார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஒரு அட்டையில் சிவப்பு நூல் சுற்றி வைத்துவிட்டு வந்தோம். தாளின் அடியில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'அடுத்த வருகை திங்கள் காலை. மாமியாரை ஷெல் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். கூட வருவது மருமகள். அன்றைய பீடியைத் திண்ணையில் இருக்கும் மற்ற நால்வர் பங்கிட்டுச் சுற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.'